ஆடாமல் விட்ட பந்துகள்: பங்கு முதலீட்டாளருக்கு விளையாட்டு மைதானம் கற்றுத்தருவது என்ன?

2004ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் தேதி சிட்னியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான நான்காவது டெஸ்ட் தொடங்கியபோது, சச்சின் டெண்டுல்கரின் ஆட்டம் குறித்துப் பரவலாகக் கேள்விகள் எழுந்திருந்தன. அந்தத் தொடரில் அதுவரை ஆடிய ஐந்து இன்னிங்ஸில் அவர் எடுத்த ரன்கள் முறையே 0, 1, 37, 0, 44. மொத்தம் 82. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே விலகிச் செல்லும் பந்தைத் தேடிச் சென்று ஆடுவது அவருக்குப் பலவீனமாகிவிட்டது என்று விமர்சகர்கள் எழுதிக்கொண்டிருந்தனர்.

சிட்னியில் அவர் புதிய ஷாட் எதையும் கொண்டுவரவில்லை. இருந்த ஒன்றைக் கைவிட்டார். உலகமே ரசித்த அவரது கவர் டிரைவ் அந்த இன்னிங்ஸில் ஏறக்குறைய காணாமல் போனது. ஆஃப் திசையில் ஆசை காட்டி வீசப்பட்ட பந்துகளை வரிசையாக விட்டுவிட்டு, தமக்கு வசதியான பந்து வரும்வரை காத்திருந்தார். 10 மணி நேரத்துக்கும் மேலாகக் களத்தில் நின்று, 436 பந்துகளைச் சந்தித்து, 241 ரன்களுடன் ஆட்டமிழக்காமல் திரும்பினார். 33 பவுண்டரிகளில் பெரும்பாலானவை லெக் திசையில் அடிக்கப்பட்டவை. மறுமுனையில் வி.வி.எஸ். லட்சுமண் 178 ரன்கள் எடுக்க, இருவரும் நான்காவது விக்கெட்டுக்கு 353 ரன்கள் சேர்த்தனர். இந்தியா 7 விக்கெட் இழப்புக்கு 705 ரன்களில் டிக்ளேர் செய்தது.

ஒரு செய்தி நிறுவனத்தின் மொழிபெயர்ப்பு மேசையில் மாலை நான்கு மணிக்குப் பங்குச்சந்தை நிறைவுச் செய்தியும், சற்று நேரத்தில் கிரிக்கெட் செய்தியும் அடுத்தடுத்து வரும். சரிவு, மீட்சி, எழுச்சி, தடுமாற்றம் என இரண்டுக்கும் ஒரே சொற்களைத்தான் பயன்படுத்துகிறோம். ஆனால் கிரிக்கெட்டில் ஒரு பேட்ஸ்மேன் பந்தை விட்டால் அதை நல்ல தீர்மானம் என்று எழுதுகிறோம். சந்தையில் ஒருவர் வாங்காமலும் விற்காமலும் இருந்தால் அது செய்தியாவதே இல்லை. நாட்டில் டீமேட் கணக்குகளின் எண்ணிக்கை 2020 மார்ச் இறுதியில் சுமார் 4 கோடி. 2025 மார்ச் இறுதியில் அது 19 கோடியைத் தாண்டியது. இத்தனை புதியவர்கள் களமிறங்கியுள்ள நிலையில், எந்தப் பந்தை ஆடக் கூடாது என்ற கேள்வி பல குடும்பங்களின் சேமிப்பைத் தீர்மானிக்கும் கேள்வியாகிவிட்டது.

விடுவதற்குத் தண்டனை இல்லாத ஆட்டம்

பந்தை விடும் கலையை முதலீட்டுக்குப் பொருத்திக் காட்டியவர்களில் முதன்மையானவர் அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் அவர் நாட்டு விளையாட்டான பேஸ்பாலிலிருந்து வந்தது. பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் டெட் வில்லியம்ஸ், பேட்டருக்கு எட்டும் பகுதியை 77 சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் வரும் பந்தை ஆடினால் தமது வெற்றி விகிதம் என்னவாக இருக்கும் எனக் கணக்கிட்டார். நடுவில் தமக்குப் பிடித்த இடத்தில் வரும் பந்தை ஆடினால் ஆயிரத்துக்கு 400. வெளிப்புறக் கீழ் மூலையில் வரும் பந்தைத் துரத்தினால் 230. ஆடுபவரும் அவரே, மட்டையும் அதுவே. பந்தைத் தேர்ந்தெடுக்கும் முறை மட்டும்தான் வேறு.

பேஸ்பாலில் பேட்டர் எல்லையில்லாமல் காத்திருக்க முடியாது. எட்டும் பகுதிக்குள் வந்த பந்துகளை மூன்று முறை ஆடாமல் விட்டால் அவர் வெளியேற வேண்டும். முதலீட்டாளருக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்பதே பஃபெட் பல ஆண்டுகளாக வலியுறுத்தும் கருத்து. அன்றாடம் ஆயிரக்கணக்கான பங்குகளின் விலை கண்முன் ஓடுகிறது. எதையும் வாங்காமல் இருந்தால் யாரும் அவுட் கொடுப்பதில்லை.

நமக்கு இதை விளக்க பேஸ்பால் தேவையில்லை. டெஸ்ட் கிரிக்கெட்டின் தொடக்க ஆட்டக்காரர் காலை நேரத்தில் செய்வது இதைத்தான். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: பந்தை விடுவதற்குத் தன் ஆஃப் ஸ்டம்ப் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் விட்டால் அது ஸ்டம்பைத் தகர்க்கும். முதலீட்டாளரின் ஆஃப் ஸ்டம்ப் என்பது அவரது சொந்த நிலைமை. இந்தப் பணம் எப்போது தேவைப்படும்? எவ்வளவு இழந்தால் வீட்டுச் செலவு பாதிக்கும்? இந்த நிறுவனம் எதை விற்றுப் பணம் சம்பாதிக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரருக்கு விளக்கிச் சொல்ல முடியுமா? மூன்றுக்கும் பதில் இல்லாதவர், அண்டை வீட்டில் எவ்வளவு லாபம் வந்தாலும், அந்தப் பந்தை விடுவதே பாதுகாப்பு.

அமெச்சூர் டென்னிஸும் முன்பேர வணிகமும்

அமெரிக்கப் பொறியாளர் சைமன் ராமோ, சாதாரண ஆட்டக்காரர்களுக்காக டென்னிஸ் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் அவர் கண்டுசொன்ன விஷயம் பிற்காலத்தில் முதலீட்டு உலகில் பெரிதும் பேசப்பட்டது. தொழில்முறை ஆட்டத்தில் சுமார் 80 சதவீதப் புள்ளிகள், எதிராளி எட்ட முடியாதபடி அடித்து வெல்லப்படுகின்றன. பொழுதுபோக்காக ஆடுபவர்களின் ஆட்டத்தில் நிலைமை தலைகீழ்: சுமார் 80 சதவீதப் புள்ளிகள் யாரோ ஒருவர் பந்தை வலையிலோ கோட்டுக்கு வெளியிலோ அடித்துத் தோற்பதால் கிடைக்கின்றன. பெயர் ஒன்று, விதிகள் ஒன்று. ஆனாலும் அவை இரண்டு வெவ்வேறு ஆட்டங்கள் என்றார் ராமோ. முதலாவது வெல்பவரின் ஆட்டம். இரண்டாவதில் தவறு குறைவாகச் செய்பவர் மிஞ்சுகிறார். முதலீட்டு ஆலோசகர் சார்லஸ் எல்லிஸ் 1975ஆம் ஆண்டு எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இந்தக் கருத்தைப் பங்குச்சந்தைக்குப் பொருத்தினார்.

ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, இந்தியச் சந்தையைக் குறித்து இந்திய பங்கு மற்றும் பரிவர்த்தனை வாரியம் (செபி) வெளியிட்ட புள்ளிவிவரங்களைப் படித்தால் ராமோவின் டென்னிஸ் மைதானம் நினைவுக்கு வராமல் போகாது. எஃப் அண்ட் ஓ எனப்படும் முன்பேர வணிகத்தில் 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஈடுபட்ட தனிநபர்கள் சுமார் 1.13 கோடி பேர். அவர்களில் 93 சதவீதத்தினர் நஷ்டமடைந்தனர். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் அதிகம். நஷ்டமடைந்தவர் ஒருவர் சராசரியாக இழந்தது ஏறக்குறைய 2 லட்சம் ரூபாய். செலவுகள் போக ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் லாபம் பார்த்தவர்கள் நூற்றில் ஒருவர் மட்டுமே.

இழந்தவர்களின் பணம் எங்கே போனது என்பதையும் அதே ஆய்வு கூறுகிறது. 2023-24இல் மட்டும் தரகு நிறுவனங்களின் சொந்தக் கணக்கு வணிகம் சுமார் 33,000 கோடி ரூபாயும், அந்நிய போர்ட்ஃபோலியோ முதலீட்டாளர்கள் சுமார் 28,000 கோடி ரூபாயும் லாபமாக ஈட்டியுள்ளனர். செலவுகளைக் கழிப்பதற்கு முந்தைய கணக்கு இது. அந்த அந்நிய முதலீட்டாளர்களின் லாபத்தில் 97 சதவீதம் கணினி நிரல்கள் தாமாகவே நடத்திய வணிகத்திலிருந்து வந்தது. கைபேசியில் விரலால் தட்டி வாங்குபவர், மைக்ரோ நொடிகளில் முடிவெடுக்கும் இயந்திரத்துக்கு எதிரே மட்டையுடன் நிற்கிறார். தெரு முனையில் ஆடிப் பழகியவரை விம்பிள்டன் மைய அரங்கில் இறக்கிவிட்டதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

மற்றொரு விவரம் கூடுதலாகக் கவலை தருகிறது. முன்பேர வணிகத்தில் ஈடுபடும் தனிநபர்களில் 30 வயதுக்கு உட்பட்டவர்களின் பங்கு ஓராண்டில் 31 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாக உயர்ந்தது. நான்கில் மூன்று பங்கினர் ஆண்டு வருமானம் 5 லட்சம் ரூபாய்க்கும் குறைவு எனக் குறிப்பிட்டவர்கள். இந்தக் கட்டுரையை எழுதுபவரின் வயதுக்காரர்கள் அவர்கள். அலுவலக மதிய உணவு வேளையில் கைபேசித் திரையை மேசைக்கடியில் பார்ப்பவர்களை எல்லா அலுவலகங்களிலும் காணலாம்.

செபி 2024 நவம்பர் 20 முதல் ஒப்பந்தங்களின் குறைந்தபட்ச மதிப்பை 15 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. வாரந்தோறும் முடிவடையும் ஒப்பந்தங்களை ஒரு சந்தைக்கு ஒரு குறியீடு என மட்டுப்படுத்தியது. ஆயினும் 2024-25ஆம் நிதியாண்டில் தனிநபர்களில் 91 சதவீதத்தினர் நஷ்டத்தையே கண்டனர். அவர்களது நிகர நஷ்டம் முந்தைய ஆண்டின் 74,812 கோடி ரூபாயிலிருந்து 1,05,603 கோடி ரூபாயாக அதிகரித்தது.

இதற்குள்ளேயும் ஒரு கிரிக்கெட் கணக்கு இருக்கிறது. ஒரு நல்ல நிறுவனத்தின் பங்கை வாங்கி வைத்திருப்பவருக்கு ஓவர் கட்டுப்பாடு இல்லை. இந்த ஆண்டு விலை ஏறாவிட்டால் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். ஆப்ஷன் வாங்கியவரின் நிலை கடைசி ஓவர்களில் ரன் துரத்தும் அணியின் நிலை. சந்தை அசையாமல் நின்றாலே அவர் தோற்கத் தொடங்கிவிடுகிறார். ரன் வராத ஒவ்வொரு பந்தும் தேவையான ரன் விகிதத்தை உயர்த்துவதுபோல, ஒப்பந்தம் முடியும் நாள் நெருங்க நெருங்க அவர் கொடுத்த பிரீமியத்தின் மதிப்பு கரைகிறது. திசையைச் சரியாகக் கணித்தும் நேரம் தவறியதால் முழுப் பணத்தையும் இழக்க முடியும்.

கோல்கீப்பர் ஏன் பாய்கிறார்?

ஆடாமல் இருப்பது நல்லது என்று தெரிந்த பிறகும் கை ஏன் சும்மா இருப்பதில்லை? இதற்கு விடை கால்பந்தில் கிடைக்கிறது. இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், உயர்நிலைப் போட்டிகளில் அடிக்கப்பட்ட 286 பெனால்டி உதைகள் அலசப்பட்டன. பந்து வலது, இடது, நடு ஆகிய மூன்று திசைகளுக்கும் பெரிய ஏற்றத்தாழ்வின்றிச் சென்றது; நடுவே வந்தது மட்டும் 28.7 சதவீதம். நடுவிலேயே நின்ற கோல்கீப்பர்கள் மூன்றில் ஒரு பந்தைத் தடுத்தனர். பாய்ந்தவர்களால் இடது பக்கம் 14.2 சதவீதமும், வலது பக்கம் 12.6 சதவீதமும்தான் தடுக்க முடிந்தது. அப்படியிருந்தும் நடுவில் நின்ற கோல்கீப்பர்கள் 6.3 சதவீதம் மட்டுமே. எஞ்சிய அனைவரும் ஏதோ ஒரு பக்கம் பாய்ந்தனர்.

ஆய்வாளர்கள் தந்த விளக்கம் மனித இயல்பைச் சார்ந்தது. பாய்ந்தும் கோல் விழுந்தால், முயன்றார், முடியவில்லை என்று அரங்கம் மன்னிக்கும். அசையாமல் நின்று கோல் விழுந்தால் அந்தக் கோல்கீப்பரால் தன்னையே மன்னிக்க முடிவதில்லை. பெனால்டி உதையின்போது எதையாவது செய்வதுதான் வழக்கம். செய்யாமல் இருந்து தோற்பது இருமடங்கு வலிக்கிறது.

சந்தை 2 சதவீதம் சரிந்த நாளில் ஒரு முதலீட்டாளரின் மனநிலையும் இதுவே. தொலைக்காட்சித் திரை சிவப்பாகிறது, கைபேசி அதிர்கிறது, வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொருவரும் தான் விற்றதைச் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் எதுவும் செய்யாதவர் தன்னைப் பொறுப்பற்றவராகக் கருதிக்கொள்கிறார். ஆனால் ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஒரு விலை உண்டு: தரகுக் கட்டணம், பங்குப் பரிவர்த்தனை வரி, முத்திரைத் தீர்வை, லாபம் வந்தால் மூலதன ஆதாய வரி. மேற்சொன்ன மூன்று ஆண்டுகளில் முன்பேர வணிகத்தில் தனிநபர்கள் செலவுகளாக மட்டும் கட்டிய தொகை சுமார் 50,000 கோடி ரூபாய் என்கிறது செபி.

36 ரன்களுக்குப் பிறகு

2020 டிசம்பர் 19ஆம் தேதி அடிலெய்டில் இந்திய அணி 36 ரன்களுக்குச் சுருண்டது. டெஸ்ட் வரலாற்றில் இந்தியாவின் மிகக் குறைந்த ஸ்கோர் அது. அணித்தலைவர் விராட் கோலி குழந்தைப் பேற்றுக்காகத் தாயகம் திரும்பினார். முகமது ஷமி காயத்தால் விலகினார். தொடர் 4-0 என்று முடியும் எனப் பலரும் கணித்தனர். சரியாக ஒரு மாதம் கழித்து, 2021 ஜனவரி 19ஆம் தேதி, பிரிஸ்பேனின் காபா மைதானத்தில் 328 ரன்கள் இலக்கை எட்டி இந்தியா தொடரை 2-1 என வென்றது. ஆஸ்திரேலியா அந்த மைதானத்தில் 1988க்குப் பிறகு டெஸ்டில் தோற்றதே இல்லை.

அடுத்த இரண்டாவது நாள், ஜனவரி 21 அன்று, மும்பை பங்குச்சந்தையின் சென்செக்ஸ் குறியீடு வரலாற்றில் முதன்முறையாக 50,000 புள்ளிகளைத் தொட்டது. பத்து மாதங்களுக்கு முன் அதற்கும் ஓர் அடிலெய்டு இருந்தது. ஊரடங்கு அச்சத்தில் 2020 மார்ச் 23ஆம் தேதி சென்செக்ஸ் ஒரே நாளில் 3,935 புள்ளிகள், அதாவது 13 சதவீதத்துக்கும் மேல், வீழ்ந்து 25,981 புள்ளிகளில் நிலைபெற்றது. காலையில் 10 சதவீதச் சரிவு ஏற்பட்டதும் வர்த்தகம் 45 நிமிடங்கள் நிறுத்தி வைக்கப்பட்டது. அன்று பயந்து விற்றவர்களும் அன்று எதுவும் செய்யாதவர்களும் ஒரே செய்தியைத்தான் படித்திருந்தார்கள்.

இந்த ஒப்பீட்டைப் பலரும் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள்: பொறுமையாக இருங்கள், எல்லாம் மீண்டுவிடும். அது பாதி உண்மை, ஆபத்தான பாதி. அடிலெய்டில் விழுந்த பதினொருவரே பிரிஸ்பேனில் வென்றார்கள் என்று நினைத்தால் தவறு. நான்கு டெஸ்ட்களிலும் ஆடியவர்கள் செதேஷ்வர் புஜாராவும் அஜிங்க்ய ரஹானேவும் மட்டுமே. பும்ரா, அஸ்வின், ஜடேஜா என ஒவ்வொருவராகக் காயமடைந்த நிலையில் பிரிஸ்பேனில் களமிறங்கிய ஐந்து முதன்மைப் பந்துவீச்சாளர்களுக்கும் சேர்த்து அதற்கு முன் நான்கு டெஸ்ட்களின் அனுபவமே இருந்தது. சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த நடராஜனுக்கும் சென்னையின் வாஷிங்டன் சுந்தருக்கும் அதுவே முதல் டெஸ்ட். இருவரும் முதல் இன்னிங்ஸில் தலா மூன்று விக்கெட்டுகளை வீழ்த்தினர். சுந்தர் பேட்டிங்கிலும் 62 ரன்கள் சேர்த்தார். மீண்டது அணி. ஆட்டக்காரர்கள் மாறியதால்தான் அது மீண்டது.

சென்செக்ஸும் அப்படிப்பட்ட ஓர் அணிதான். அதில் 30 நிறுவனங்கள் இருக்கின்றன; ஆண்டுக்கு இருமுறை தேர்வுக் குழு கூடி, ஆட்டம் இழந்தவர்களை நீக்கிப் புதியவர்களைச் சேர்க்கிறது. 2019 டிசம்பரில் அவ்வாறு நீக்கப்பட்டவற்றில் ஒன்று யெஸ் வங்கி. 2018 ஆகஸ்டில் 400 ரூபாயை நெருங்கியிருந்த அதன் பங்கு, ரிசர்வ் வங்கி அதன் மீது கட்டுப்பாடுகள் விதித்த மறுநாளான 2020 மார்ச் 6ஆம் தேதி 20 ரூபாய்க்கும் கீழே முடிந்தது. சென்செக்ஸ் 50,000ஐத் தொட்ட நாளில் குறியீட்டு நிதியில் பணம் போட்டவருக்கு அந்த வங்கியைப் பற்றிய கவலை இல்லை. தேர்வுக் குழு அவருக்காக முன்பே முடிவெடுத்துவிட்டது. அந்த ஒரு பங்கை மட்டும் நம்பி, பொறுமை காத்தவருக்குப் பொறுமையால் பயன் எதுவும் கிடைக்கவில்லை.

எனவே சரிவின்போது கேட்க வேண்டிய கேள்வி சற்று நுட்பமானது. கையில் இருப்பது அணியா, ஒற்றை ஆட்டக்காரரா? அணியாக இருந்தால், மாதாந்திர முதலீடான எஸ்ஐபியைச் சரிவில் நிறுத்துவது மலிவான விலையில் கிடைக்கும் யூனிட்டுகளை மறுப்பதாகும். 50 ரூபாய் மதிப்பில் 5,000 ரூபாய்க்கு 100 யூனிட்டுகள் கிடைக்கும். மதிப்பு 40 ரூபாயாகக் குறைந்தால் அதே தொகைக்கு 125 யூனிட்டுகள். ஒற்றை ஆட்டக்காரராக இருந்தால், அவர் தற்காலிகமாகத் தடுமாறுகிறாரா, ஆட்டமே போய்விட்டதா என்று ஆண்டறிக்கையைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும்.

துரத்த வேண்டிய ரன்கள்

நஷ்டத்தின் கணக்கு பெரும்பாலோர் எண்ணுவதைவிடக் கொடியது. 10 சதவீதம் இழந்தவர் பழைய நிலைக்குத் திரும்ப 11 சதவீதம் ஈட்டினால் போதும். 20 சதவீதம் இழந்தவருக்கு 25 சதவீதம் தேவை. பாதியை இழந்தவருக்கு 100 சதவீதம். 80 சதவீதத்தை இழந்தவர் மிஞ்சியதை ஐந்து மடங்காக்க வேண்டும். ஆண்டுக்கு 12 சதவீதம் வளர்ச்சி கிடைத்தாலும், பாதியை இழந்தவர் தொடங்கிய இடத்துக்கு வந்து சேர ஆறு ஆண்டுகளுக்குச் சற்று மேலாகும்.

விக்கெட்டுகள் விழுந்த பிறகு ரன் விகிதத்தைப் பார்த்துப் பதறி, கடைசி நிலை ஆட்டக்காரர்களும் சிக்ஸருக்கு முயலும் காட்சியை எல்லோரும் பார்த்திருக்கிறோம். தொடர்ந்து பல ஆண்டுகள் நஷ்டமடைந்த பிறகும் முன்பேர வணிகர்களில் 75 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் அதே வணிகத்தைத் தொடர்ந்ததாகச் செபி கூறுவது அந்தக் காட்சியின் மறுபதிப்பு. இழந்ததை அதே இடத்தில் மீட்டுவிட வேண்டும் என்ற பிடிவாதம், கடன் வாங்கியாவது ஆடவைக்கிறது.

அதற்காக ரிஸ்க்கே எடுக்காமல் இருப்பதும் வெற்றியாகாது. 1975ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் தேதி, முதல் உலகக் கோப்பையின் தொடக்க நாளில், லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்து 60 ஓவர்களில் 334 ரன்கள் குவித்தது. பதிலுக்கு ஆடிய சுனில் கவாஸ்கர் 174 பந்துகளைச் சந்தித்து 36 ரன்கள் எடுத்தார். கடைசிவரை அவரை ஆட்டமிழக்கச் செய்ய முடியவில்லை. இந்தியா 3 விக்கெட்டுகளை மட்டுமே இழந்து 132 ரன்கள் சேர்த்து, 202 ரன்கள் வித்தியாசத்தில் தோற்றது. விக்கெட்டைக் காப்பாற்றி ஆட்டத்தை இழந்த அந்த நாள், வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் சேமிப்புக் கணக்கிலேயே வைத்திருப்பவருக்குப் பொருந்தும். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் உயர்ந்தால், இன்றைய 100 ரூபாயின் வாங்கும் சக்தி 12 ஆண்டுகளில் பாதியாகிவிடும். பாஸ்புக்கில் எண் குறைந்திருக்காது. ஆனால் இலக்கு எட்ட முடியாத தூரத்துக்குப் போயிருக்கும்.

இரண்டுக்கும் நடுவே ஒன்று, இரண்டு என்று ரன்களை ஓடிச் சேர்க்கும் வழி இருக்கிறது. பரஸ்பர நிதிகளில் எஸ்ஐபி வழியே வரும் தொகை 2024 அக்டோபரில் முதன்முறையாக மாதம் 25,000 கோடி ரூபாயைத் தாண்டியது. மாதம் ஒரு சதவீத வளர்ச்சி என்று வைத்துக்கொண்டால், மாதம் 5,000 ரூபாய் பத்து ஆண்டுகளில் (முதலீடு 6 லட்சம்) சுமார் 11.5 லட்சம் ரூபாயாகும். இருபது ஆண்டுகளில் (முதலீடு 12 லட்சம்) சுமார் 49.5 லட்சம் ரூபாயாகும். போட்ட தொகை இருமடங்காக, வந்த தொகை நான்கு மடங்குக்கும் மேலாகிறது. இது கணக்கை விளக்கும் உதாரணம் மட்டுமே. சந்தை ஒருபோதும் மாதாமாதம் ஒரே சீராகத் தருவதில்லை, சில ஆண்டுகளில் எடுத்துக்கொள்ளவும் செய்யும். மூன்று ஆண்டுகளுக்குள் தேவைப்படும் பணத்தை, மகளின் கல்லூரிக் கட்டணம் போன்றவற்றை, இந்த ஆட்டத்தில் இறக்காமல் இருப்பதே நல்லது.

ஒப்பீடு உடையும் இடம்

விளையாட்டையும் சந்தையையும் ஒன்றாக வைத்துப் பேசும்போது ஒரு பெரிய வேறுபாட்டைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. தவறான ஷாட் ஆடிய பேட்ஸ்மேனுக்கு அடுத்த நொடியே பாடம் கிடைத்துவிடும். வலைப்பயிற்சியில் ஒரே தவறை நூறு முறை திருத்தலாம். சந்தையில் தவறான முடிவு லாபத்தில் முடியலாம், சரியான முடிவு இரண்டு ஆண்டுகள் நஷ்டம் காட்டலாம். 2020 மார்ச்சுக்குப் பிறகு டீமேட் கணக்கு தொடங்கியவர்களில் பலருக்கு வாங்கியதெல்லாம் ஏறியது. உயரும் சந்தையின் பலனைத் தங்கள் திறமை என்று எடுத்துக்கொண்டவர்கள், அடுத்த கட்டமாகப் பெரிய தொகைகளுடன் முன்பேர வணிகத்துக்கு நகர்ந்தனர். சொந்த மண்ணில், தட்டையான ஆடுகளத்தில் அடித்த சதத்தை வைத்து வெளிநாட்டுப் பயணத்துக்குத் தேர்வாவது போன்றது அது.

முடிவுகளை எழுதிவைப்பது இதற்கு ஓரளவு உதவும். ஏன் வாங்கினேன், எந்தக் காரணம் பொய்த்தால் விற்பேன் என்று வாங்கிய அன்றே இரண்டு வரி குறித்து வைத்தால், ஓராண்டு கழித்து லாபம் வந்தது காரணத்தாலா, காற்று வீசியதாலா என்று பார்க்க முடியும். டெண்டுல்கரின் பலவீனத்தை அந்தத் தொடரின் வீடியோப் பதிவுகளில் எல்லோரும் பார்க்க முடிந்தது. நம் முதலீட்டுத் தவறுகளுக்கு நாம் எழுதாவிட்டால் பதிவே இருக்காது.

வர்ணனையாளர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பந்து போன பிறகு எந்த ஷாட் ஆடியிருக்க வேண்டும் என்று சொல்வது அவர்களது தொழில், அதில் தவறில்லை. சமூக ஊடகங்களில் பங்குகளைப் பரிந்துரைப்பவர்களில் பலர், பந்து வருவதற்கு முன்பே எங்கே அடிக்க வேண்டும் என்று கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்கிறார்கள். கட்டணம் பெற்று முதலீட்டு ஆலோசனையோ பங்குப் பரிந்துரையோ வழங்குவோர் செபியிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். உறுதியான லாபம் என்று யாரும் வாக்குறுதி அளிக்கக் கூடாது என்பதும் விதி. ஒருவரது பதிவு எண் உண்மையானதா என்பதைச் செபியின் இணையதளத்தில் உள்ள இடைத்தரகர் பட்டியலில் கட்டணமின்றிச் சரிபார்க்கலாம். அடிப்படைகளைக் கற்க விரும்புவோருக்கு 2022 ஜனவரியில் செபி அறிமுகப்படுத்திய ‘சாரதி’ கைபேசிச் செயலி உள்ளது. தரகர்கள், நிறுவனங்கள் மீதான புகார்களைச் செபியின் ‘ஸ்கோர்ஸ்’ தளத்தில் பதிவு செய்யலாம்.